தையலுக்கு விட்ட டானிக்

என் சித்தப்பா துணி வெட்டுகிறவர். தைக்கிறவர் என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். தைத்தது கோணினால் பிரிக்கலாம், வெட்டியது கோணினால் கைக்குட்டைதான் என்பார். கழுத்தில் அளவு டேப்போடு குளிக்கப் போன மனிதர் அவர்.

சீருடைத் துணி மலையாகக் குவிந்தபோது பகலெல்லாம் கடையில் வெட்டினார். வீட்டுக்கு வந்து, வெட்டியது சரியா என்று கவலைப்பட்டார். தூக்கம் போயிற்று, கை நடுங்கியது. ஒரு கோட்டுத் துணி பாழானதும் முதலாளி, "இன்னொண்ணு போச்சுன்னா நீங்க பட்டன் தைக்க உக்காந்துக்குங்க" என்றார். சித்தப்பாவுக்கு அதைவிட ஜெயில் மேல்.

நரம்புத் தளர்ச்சி என்று டாக்டரம்மா டானிக் எழுதிக் கொடுத்தார், வேளைக்கு ஒரு மூடி. நடுக்கம் குறையவில்லை, கூடியது. ஒரு மாதம் வரவேண்டிய பாட்டிலோ சீக்கிரமே காலி.

சித்தி என்னைப் பார்த்தாள். எது காணாமல் போனாலும் முதலில் என்னைப் பார்ப்பதுதான் இந்த வீட்டு வழக்கம்.

"நான் இல்ல சித்தி. அந்தக் கசப்பைக் குடிக்கிறதுக்கு ஒழுங்கா பள்ளிக்கூடமே போயிடலாம்."

மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம்.

"எவ்வளவு குடிக்கிறீங்க?"

"ஒரு மூடிதாங்க. அதுக்கு மேல தையலுக்குன்னு அரை மூடி விடுவேன்."

"தையலுக்கா?"

"எதை வெட்டினாலும் கொஞ்சம் கூட விடணுங்க. இல்லன்னா பத்தாமப் போயிடும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இது கூடினா நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது, கை இன்னும் ஆடும். மருந்துல விடாதீங்க. தூக்கத்துல விடுங்க, ஒரு மணி நேரம் முன்னாடியே படுங்க."

சித்தப்பா நன்றாகத் தலையாட்டினார். ஆனால் சுவர்க் கடிகாரம் பத்து காட்டாமல் படுக்கமாட்டார். அதனால் தினமும் அவர் கடையிலிருந்து வருமுன் ஸ்டூலில் ஏறி முள்ளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தேன். காலையில் அவர் எழுமுன் பழையபடி திருப்பினேன். சித்தியும் ஒன்றும் கேட்காமல் சாப்பாட்டை முன்னதாகவே போட்டாள். "பக்கத்து வீட்டு டிவியில செய்தி ஏன் இவ்வளவு லேட்டா வருது?" என்று சித்தப்பா ஒருநாள் கேட்டார். இருமிச் சமாளித்தேன்.

நேற்று முதலாளி மறுபடி கோட்டுத் துணி கொடுத்திருக்கிறார். அந்த நினைப்பில் இன்று எனக்கு எதுவும் ஓடவில்லை. சாயங்காலம் சித்தப்பா வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"கோட்டு என்னாச்சு சித்தப்பா?"

"பட்டனுக்கு வேற ஆள் பாக்கச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னிக்கு மறந்துட்டியா? அந்த ஸ்டூல் ஆடும்டா. நான் புடிச்சுக்கறேன், ஏறு."