கூட்டுப்புழுவும் மேனேஜரின் காலும்

மாலதியின் சாப்பாட்டுத் தட்டை மேனேஜர் எட்டி உதைத்தபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், கோபிசெட்டிப்பாளையம் பக்கத்தில் ஒரு பட்டு நூல் ஆலையில், கூட்டிலிருந்து நூல் இழுக்கும் ரீலிங் பகுதிக்கு சூப்பர்வைசராக இருந்தேன். மாலதி அஸ்ஸாமிலிருந்து எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள். தமிழ் அரைகுறை.

பட்டுக்கூட்டை வெந்நீரில் வேகவைத்து நூலை இழுத்தபின் உள்ளே புழு மிஞ்சும். பியூப்பா என்போம். மூட்டை மூட்டையாகக் கோழித் தீவன மில்லுக்குப் போகும். பவானி ஆற்றில் தூண்டில் போடும் மாரப்பனும் வாங்க வருவார். அன்று காலையிலும் வந்தார்.

"கெளுத்திக்கு மண்புழு போதுங்க. கெண்டைக்கு இதைத் தவுட்டோட பெசஞ்சு போட்டா உடனே கடிக்குமுங்க" என்றார்.

மேனேஜர் புழுவைக் கையால் அள்ளிப் பார்த்து, "நல்ல மீனாக் கெடைச்சா எனக்கும் ஒண்ணு கொண்டாங்க" என்று சிரித்தார்.

மத்தியானம் மாலதி அதே புழுவை, சூடு ஆறுவதற்குள் எடுத்து, கடுகெண்ணெயில் பச்சைமிளகாயோடு வறுத்துச் சோற்றில் வைத்திருந்தாள். அவள் ஊரில் அது விருந்துச் சாப்பாடு. மேனேஜர் பார்த்தார். அடுத்த நொடி தட்டு சுவரில் மோதி விழுந்தது.

"புழு திங்கறவளுக்கெல்லாம் இங்க எடமில்ல. எந்திரிச்சுப் போ!"

அவளுக்கு வார்த்தை புரியவில்லை. கால் புரிந்தது. சிதறிய சோற்றைக் கையால் கூட்ட ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போய் மெயின் ஸ்விட்சை இறக்கினேன். இராட்டைகள் நின்றன. நூல் இழுக்கும் பெண்கள் எல்லாரும் வெந்நீர்த் தொட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள்.

"ஏம்மா சரசு, கூடு கொழஞ்சு போயிருமே! போடு கரண்ட்டை!" என்று மேனேஜர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"அந்தப் புள்ளகிட்ட மன்னிப்புக் கேளுங்க. அப்பறம் போடறனுங்க."

"மொதலாளிகிட்டச் சொல்லிப்போடுவேன்."

"சொல்லுங்க. எதை ஒதைச்சீங்கன்னும் சேத்துச் சொல்லுங்க."

தொட்டியில் கூடுகள் குழைந்துகொண்டிருந்தன; குழைந்துவிட்டால் நூல் வராது. கடைசியில் மேனேஜர் சுவரைப் பார்த்து "சாரி" என்றார்.

"அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். சொன்னார். ஸ்விட்சைப் போட்டேன்.

என் தூக்குப்போசிச் சோற்றை அவளுக்குப் பாதி பிரித்துக் கொடுத்தேன். வாணலியில் மிஞ்சியிருந்ததை அவள் எனக்கு நீட்டினாள். தயங்கித்தான் வாயில் போட்டேன். வறுத்த நிலக்கடலைபோல இருந்தது.

அடுத்த மாதமே சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கி, என்னைக் கூடு பொறுக்கும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். ஆலையை விட்டு நிற்கும்வரை அங்கேதான் இருந்தேன். மாலதி பயிற்சியை முடித்துவிட்டுத்தான் ஊருக்குப் போனாள்.

இப்போது வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். ஒருவர் தட்டில் என்ன இருக்கிறது என்பது மேலே இருப்பவர்களின் விவகாரம் அல்ல. அதில் எவனாவது கால் வைத்தால், வீட்டுக்குப் போய்ப் புலம்பாதீர்கள். நின்ற இடத்திலேயே கேளுங்கள். நான் கேட்டேன். பதவி போனது. வருத்தமில்லை, கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.