தேய்த்தும் வெளுக்காத கழுத்து

ஈரத் தோலில் பீர்க்கங்காய் நார் உரசுகிற சத்தம், கற்பிட்டியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வெள்ளிக்கிழமை தோறும் கேட்ட சத்தம், இந்த வயதிலும் என் காதில் கிடக்கிறது. என் தம்பி காசீமைக் கல்லில் இருத்தி, சவர்க்கார நுரை வழிய வழிய உம்மா அவனுடைய பின்கழுத்தைத் தேய்ப்பா. அவன் கத்துவான். "இந்த அழுக்கோடயா ஜும்ஆவுக்குப் போற? பார்க்கிற சனம் என்னையெல்லோ ஏசும்" என்று உம்மா இன்னும் அழுத்துவா. தோல் சிவந்துவிடும், மடிப்புக்குள் கிடந்த கறுப்பு மட்டும் பானை அடியில் பிடித்த கரி மாதிரி அப்படியே இருக்கும்.

காசீம் குண்டுப் பிள்ளை. அதை நாங்கள் குறையாக நினைக்கவில்லை, பெருமையாகத்தான் வைத்திருந்தோம். வாப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம், கொழும்புக்கு லொறி போகிற வீடு எங்களுடையது. அவனுக்கு முன் பிறந்த ஆண்பிள்ளை எலும்பும் தோலுமாய்க் கிடந்து மௌத்தானதால், இவன் கன்னத்தில் சதை வைக்க வைக்க உம்மாவின் முகம் தெளிந்தது. பக்கத்து வீட்டு மாமி வந்து, "இவனத் தூக்கினா என்ட இடுப்புக் கழண்டிடும் போல" என்று சிரித்தால், "மாஷா அல்லாஹ் சொல்லிப்போட்டுக் கதை" என்று உம்மா அதட்டுவா. கண்ணூறு பட்டுவிடும் என்று பயம். நாங்கள் பயந்தது அதற்கு மட்டுந்தான்.

சாப்பாடு எங்களுக்குச் "சஹனில்". பெரிய தட்டம் ஒன்றில் சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, எல்லோரும் சுற்றியிருந்து அவரவர் பக்கத்தால் தின்போம். யார் எவ்வளவு தின்றார் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் சஹனின் அழகு என்பார் வாப்பா. தன் பக்கத்து இறைச்சியை விரலால் காசீம் பக்கம் தள்ளுவார். உம்மாவும் தள்ளுவா, நானும் தள்ளுவேன். அன்பை வாயால் சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, விரலால் தள்ளுகிற பழக்கந்தான். "எனக்குப் போதும் வாப்பா" என்று அவன் எழும்பப் பார்த்தால், "எல்லாரும் தின்னமுன்னம் எழும்புறது மரியாதையில்ல மகன்" என்று தொடையில் தட்டி இருத்திவிடுவார். மரியாதைக்காக அந்தப் பிள்ளை இன்னும் நாலு பிடி தின்னும்.

தெருப் பொடியன்கள் அவனைச் "சீனிச் சாக்கு" என்பார்கள். கோட்டைப் பக்கம் ஓடிப் பிடித்து விளையாடும்போது பாதியில் நின்று இளைப்பான், "ராத்தா, அவங்களக் கொஞ்சம் நிக்கச் சொல்லு" என்பான். நான் போய் அவர்களை ஏசிவிட்டு, அவனைக் கூட்டிவந்து, ஆறுதலுக்குப் பாண் துண்டில் இனிப்பு டின்பால் ஊற்றிக் கொடுப்பேன்.

அவனுக்கு இளந்தாரியிலேயே சீனி வருத்தம், நீரிழிவு, வந்தது. பிறகு ஆறாத புண்ணால் ஒரு பாதத்தை எடுத்தார்கள். மகனின் கல்யாணத்தைக் கதிரையில் இருந்தபடி பார்த்துவிட்டு, அடுத்த நோன்பு வரமுன்னே மௌத்தானான். அவனுடைய கழுத்தையும் காலையும் நான் ஒரு நாளும் சேர்த்து நினைத்ததில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எனக்கு யார் சொல்லித் தந்தார்?

இப்போது தில்லையடியில், காசீமின் மகன் றிஸ்வானுடைய வீட்டில் இருக்கிறேன். போன பெருநாளைக்கு முந்தின நாள், குளியலறைக்குள் அதே சத்தம் கேட்டது. றிஸ்வானின் பெண்சாதி ஷிபானா தன் ஒன்பது வயது மகன் அம்ஜதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பாருங்க மாமி, என்ன செஞ்சும் இவன்ட அழுக்குப் போகுதில்ல." எட்டிப் பார்த்தேன். காசீமின் கழுத்து. "நிப்பாட்டு புள்ள, தேய்க்காத" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

பெருநாள் கழிந்ததும் புத்தளத்தில் ஒரு டொக்டர் பிள்ளையிடம் காட்டினோம். கழுத்தைத் தொட்டுப் பார்த்து, இது அழுக்கில்லை, உடம்பு கூடின பிள்ளைகளுக்குச் சீனி வருத்தம் வரப் பார்க்கிற அடையாளமாக இருக்கலாம் என்று இரத்தம் எடுக்கச் சொன்னா. இரத்தச் சோதனை முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வருத்தம் இன்னும் வரவில்லையாம், வருகிற வழியில் நிற்கிறதாம்.

"ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுவார்?" என்று அவ கேட்க, ஷிபானா றிஸ்வானைப் பார்த்தாள், றிஸ்வான் என்னைப் பார்த்தான். இந்த வீட்டில் சஹன் இல்லை. பிள்ளைக்குத் தனிப் பீங்கான், முன்னால் போன். அப்படியிருந்தும் எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. தாய் கொடுப்பது தகப்பனுக்குத் தெரியாது, நான் கொடுக்கிற பிஸ்கட் தாய்க்குத் தெரியாது, இரவில் றிஸ்வான் தன் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது வாங்கிவருகிற கொத்துரொட்டியும் சோடாவும் ஒரு சாப்பாடு என்றே யாரும் நினைத்ததில்லை.

"வெறுங்கையோட எப்பிடி மாமி வீட்டுக்குள்ள வாறது? அவன் முதல்ல என்ட கையத்தானே பார்க்கிறான்" என்றான் றிஸ்வான், வரும் வழியில். வாப்பாவின் விரல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

பிள்ளைக்கு மட்டும் பத்தியம் வைக்க வேண்டாம், குண்டன் என்று கேலி பண்ணவும் வேண்டாம், வீடு முழுக்க ஒரே சாப்பாடு, தாயும் தகப்பனும் முதலில் மாறவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தா. றிஸ்வான் இப்போது பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடையை வேலைக்காரனிடம் விட்டுவிட்டு வருகிறான். முதல் நாள் அம்ஜத் ஓடிவந்து கையைப் பார்த்தான், பின்னால் மறைத்திருக்கிறாரா என்று முதுகுப் பக்கமும் போய்ப் பார்த்தான், பிறகு கதவை அடித்துச் சாத்தினான். றிஸ்வான் வாசலிலேயே நின்றான். கனநேரம் கழித்துக் கதவு திறந்தது. அந்த வெறுங்கையை நீட்டி, "வா மகன், களப்புப் பக்கம் போய்ட்டு வருவம்" என்றான். களப்புத் தண்ணீர்க் கரையோடு நடந்தே போனார்கள், தகப்பனுக்குத்தான் கூட இளைப்பு.

கற்பிட்டிக் கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். சஹன் கல்யாண வீடுகளில் மட்டும்தான் வருகிறது. "நிக்கச் சொல்லு" என்று என்னைக் கூப்பிட்டவனும் இல்லை. குளியலறையில் தொங்கிய நாரை நானே எடுத்து எறிந்துவிட்டேன். பொழுதுபட, மஃரிப் தொழுகைக்கு முன் அவர்கள் திரும்பியதும், வியர்வை துடைக்கிற சாட்டில் பிள்ளையின் கழுத்தைக் குனிந்து பார்க்கிறேன். கறுப்பு அப்படியேதான் இருக்கிறது.

"என்ன மாமி, வெளுத்திட்டா?" என்று றிஸ்வான் கேட்பான்.

நான் அவன் கையைப் பார்ப்பேன். இன்றைக்கும் வெறுங்கைதான்.