நாலாவதாக ஒரு கல்

எங்கள் அத்தைக்கு மூன்று என்ற எண்ணே ஆகாது. தட்டில் மூன்று தோசை வைக்க மாட்டாள். பாதியைப் பிய்த்தாவது கூடப் போட்டுவிடுவாள். மூன்று பேராகப் படியிறங்கினால் போன காரியம் விளங்காது என்பாள். அப்படி இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு கூழாங்கல்லைப் பைக்குள் போட்டு, "இதுதான் நாலாவது ஆளு" என்று அனுப்பிவைப்பாள். இந்த ஆளுக்கும் பஸ்சில் டிக்கெட் எடுக்கணுமா என்று மாமா கேலி பண்ணுவார்.

நான் அப்போது போடியில் ஏழாம் வகுப்பு. கணக்கு வாத்தியார் நாலு குச்சிகளை ஆணியடித்துச் சதுரம் செய்து காட்டினார். ஒரு மூலையைத் தள்ளியதும் கோணிக்கொண்டது. மூன்று குச்சி முக்கோணமோ என்ன தள்ளியும் அசையவில்லை. அன்றைக்குப் பிடித்தது எனக்குக் கிறுக்கு. அடுப்புக்கு மூன்று கல், திருநீற்றுக்கு மூன்று பட்டை, தாலிக்கு மூன்று முடிச்சு. கோயிலில் மும்மூர்த்தி. சர்ச்சுக்குப் போகும் என் சேக்காளியைக் கேட்டால் அவர்களுக்கும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி. அறிவியல் புத்தகத்தில் திடம், திரவம், வாயு. சாமியும் விஞ்ஞானமும் ஒத்துக்கொண்ட ஒரு விஷயத்தில் அத்தை மட்டும் முரண்டு பிடிப்பது எனக்குச் சகிக்கவில்லை.

காய் எடுப்புக்காக எல்லோரும் மலைமேல் எங்கள் ஏலத்தோட்டத்தில் தங்கியிருந்தோம். விடாத சாரல். ஒரு நாள் காலையில் காய் எடுக்கப் போன அம்மா பாதியிலேயே வந்து படுத்துவிட்டாள். வயிற்றுவலி என்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. அப்பாவும் மாமாவும் அவளைக் கைத்தாங்கலாக ஜீப்பு நிற்கும் வளைவு வரை நடத்திப் போய், போடி ஆஸ்பத்திரியில் சேர்ப்பதென்று முடிவாயிற்று. அத்தை ஆட்களை எண்ணிப் பார்த்தாள். அவசரமாக ஓடைக்குப் போய் ஒரு கல்லோடு வந்து, "வெரசா உங்கம்மா பையில போடு ஆத்தா" என்று என் கையில் திணித்தாள்.

நான் போடவில்லை. அசையாத மூன்றோடு நாலாவதைச் சேர்த்தால்தானே கோணும்? அம்மா விஷயத்தில் அத்தையின் மூடத்தனத்தை நம்பி இருக்க முடியுமா? அவர்கள் நடக்கத் தொடங்கியதுமே கல்லை ஏலச்செடிகளுக்குள் விட்டெறிந்தேன். சற்றுத் தூரம் போன அம்மா திரும்பிப் பார்த்து, "அத்தையைப் படுத்தாம இரு, வந்துர்றேன்" என்றாள். அவளைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் எங்களைக் கீழே கூட்டிப்போக மாமா மட்டும் ஏறி வந்தார். அவர் சொல்வதற்கு முன்பே அத்தைக்குப் புரிந்துவிட்டது.

போடி வீட்டில் கிடத்தியிருந்த அம்மாவின் காலடியில் விழுந்து, "கல்லு வச்சு அனுப்பியும் இப்படி ஆயிருச்சே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். கல் போகவில்லை என்று தெரிந்தவள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான். அம்மாவைக் கொன்றது நான்தான் என்று நம்பினேன். அதன்பிறகு எத்தனையோ வருஷம், முக்கோணம் வரையச் சொன்னாலே பென்சிலைக் கீழே போட்டுவிடுவேன். விஞ்ஞானம் என்ன சொன்னாலும் மனசு கேட்க வேண்டுமே.

கல்யாணமாகி முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்தபோதுதான் பயம் தாங்காமல் அத்தையிடம் சொன்னேன். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அவள் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"அடி கிறுக்கச்சி, இதையா இத்தனை வருசமா மனசுல வச்சுக்கிட்டுத் திரிஞ்ச? உங்கம்மா அன்னிக்கு முழுகாம இருந்திருக்கா. காய் எடுப்பு முடியட்டும்னு ஒருத்தருகிட்டயும் மூச்சு விடல. கரு கலைஞ்சு ரத்தம் நிக்கலன்னு டாக்டரம்மா சொல்லித்தான் உங்கப்பனுக்கே தெரியும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கல்லு எதுக்குடி? நாலு பேராத்தான் போனாங்க. வந்தது ரெண்டு பேரு."

ஏழாம் வகுப்பில் எனக்கு மும்மூர்த்தியைத் தெரியும், பொருளின் மூன்று நிலைகளும் தெரியும். நாளெல்லாம் செடியடியில் குனிந்து காய் எடுக்கிற ஒருத்தி, தன் வயிற்றில் இருப்பதை எதற்காக யாரிடமும் சொல்லாமல் இருப்பாள் என்பது மட்டும் தெரியாது.