சம்பந்தம் அண்ணனின் வாய்மொழித் தேர்வு

என் அண்ணன் திருஞானசம்பந்தத்துக்குப் பெயரில்தான் ஞானம் அதிகம் என்று நான் சொன்னால், இன்றைக்கும் பிள்ளையார்பாளையத்தில் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். காஞ்சிபுரத்துக்காரர்கள் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள். விரதம் இருந்தவரைக் குறை சொன்னால் மட்டும் மன்னிக்க மாட்டார்கள். அந்த விரதமே ஒரு பொய் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

எங்களுக்குச் சொந்த ஊர் ஓரிக்கை. பாலாற்றங்கரையில் கொஞ்சம் நிலம். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அண்ணன்தான். காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் சரித்திர ஆசிரியராகச் சேர்ந்து, பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீடுகளுக்கு நடுவே குடியிருந்தார். இரண்டு பக்கமும் தறி. விடிந்தால் சடக் சடக்கென்று சத்தம். அந்தச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசியே அவருக்குக் குரல் பெருத்துவிட்டது என்று பெரியநாயகி அண்ணி சொல்வாள். சாப்பிட என்ன இருக்கிறது என்று கூடத்தில் நின்று கேட்டாரென்றால் தெருமுனைக் கடைக்காரன் பதில் சொல்வான். அப்படியொரு குரல். அந்தக் குரலில் அவருக்குக் கர்வமும் உண்டு.

திருமுக்கூடல் கோயில் கல்வெட்டைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. சோழர் காலத்தில் அந்தக் கோயிலோடு சேர்ந்து ஓர் ஆதுலர்சாலை, அதாவது நோயாளிகளுக்கான ஆஸ்பத்திரி, நடந்திருக்கிறது. படுக்கை எத்தனை, வைத்தியருக்கு நெல் எவ்வளவு, அறுத்துச் சரிசெய்கிறவருக்கு எவ்வளவு என்றெல்லாம் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சுவரோடு சுவராக நிற்பார். வருஷக்கணக்கில் இதே பைத்தியம். ஆஸ்பத்திரியைப் பற்றி அத்தனை எழுதிய மனுஷர், தான் ஆஸ்பத்திரிக்குப் போன லட்சணத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

எழுபத்து மூன்றாம் வருஷம் அது. ஆய்வேட்டைப் படித்தவர்கள் நல்லபடியாக எழுதி அனுப்பிவிட்டார்கள். பாக்கி இருந்தது வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். சென்னையில் பல்கலைக்கழகத்தில் பெரிய பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள், எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் டாக்டர் பட்டம். தை மாதம் தேதி குறித்தாயிற்று. காசியிலிருந்து ஒரு பேராசிரியர், தமிழர்தான், வருவதாக ஏற்பாடு.

நான் அப்போது அரக்கோணத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. ஆடியிலேயே அண்ணனுக்குக் குரல் கம்மியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். கத்திப் பாடம் நடத்துகிறவருக்குத் தொண்டை கட்டுவது என்ன அதிசயம் என்று எல்லோரும் சித்தரத்தையும் அதிமதுரமும் கொடுத்தார்கள். மார்கழியில் அரையாண்டு விடுமுறைக்குப் போனால், வாசலிலேயே அண்ணி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"சத்தம் போடாத காந்தா. உங்க அண்ணன் மௌன விரதத்துல இருக்குறாரு. பரீட்சை நாளு வரைக்கும் பேச மாட்டாராம். கார்த்திகையில காமாட்சிக்கு வேண்டிக்கினாரு."

உள்ளே அண்ணன் கையில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மனைவி மணியம்மாள் தேங்காய் பழத்தை அவர் எதிரே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமி கணக்கா உக்காந்துக்கினு இருக்குறாரும்மா. எங்க வூட்டுக்காரரு தறியக்கூட மெதுவாத்தான் அடிக்கிறாரு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை விரதம் என்று காலையில் விபூதி பூசிக்கொண்டு, ஒன்பது மணிக்கு வடை வாங்கிவரச் சொல்கிற ஆள் இவர். "இன்னாண்ணா, காமாட்சிக்கே காது வலிச்சுப்போயி, கொஞ்ச நாளு சும்மா இருப்பான்னு சொல்லிட்டாளா?" என்று கேட்டேன். அண்ணன் சிரித்தார். ஆனால் காபியை ஒரு வாய் விழுங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் தேர்வுக்குத் தயார் செய்கிற கூத்து. வரக்கூடிய கேள்விகளை அண்ணன் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். அண்ணி ஐந்தாவது வரைதான் படித்தவள். அடுப்பங்கரை வேலையை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, பேராசிரியர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிப்பாள். "ஆ...துலர்சாலைக்கு நெல்லு எந்த ஊருலேர்ந்து வந்துது?" அண்ணன் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கையை ஆட்டி, உதட்டை மட்டும் அசைத்துப் பதில் சொல்வார். சத்தம் துளியும் வராது. அண்ணி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "நல்லா சொல்றாரு இல்ல?" என்று பெருமையாக என்னைப் பார்ப்பாள். முதலில் சிரித்தேன். அவர் நிறுத்தாமல் உதட்டை அசைத்துக்கொண்டே போகவும் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் கிணற்றடியில் அவரை மடக்கினேன். "அண்ணா, வாயைத் தொறந்து காட்டு" என்றேன். அவர் போய்ச் சிலேட்டை எடுத்து வந்தார். எழுதிக் காட்டினார்: "தொண்டையில் புற்று. குரல்வளையை எடுக்க வேண்டும் என்கிறார்கள். எடுத்தால் பேச்சு கிடையாது. தேர்வு முடிந்ததும் போய்ப் படுக்கிறேன்."

கார்த்திகையிலேயே சென்னைக்குத் தனியாகப் போய் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். உடனே வந்து சேர் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் என்னவோ பல் பிடுங்குகிற விஷயம் மாதிரி தையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். உயிரை விடவா பட்டம் பெரிது என்று கத்தினேன். அவர் ஈரக்கையால் சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதினார்: "வாய்மொழித் தேர்வு. வாய் இல்லாமல் எப்படி?" அதற்குக் கீழே, "இருக்கிற குரலைச் சேர்த்து வைக்கிறேன்."

வழிகாட்டிப் பேராசிரியரிடமாவது சொன்னாயா என்றால் அதுவும் இல்லை. நோய் என்று தெரிந்தால் தேதியைத் தள்ளிவைத்துவிடுவார்கள் என்று பயம். யாரும் காரணம் கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருக்க இந்த ஊரில் ஒரே வழி, விரதம். அரக்கோணத்தில் ஒருவன் பேசாமல் இருந்தால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவார்கள். காஞ்சிபுரத்தில் தேங்காய் பழம் வைத்துக் கும்பிடுவார்கள். அண்ணனுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

நான் சும்மா இருப்பேனா? நேரே போய் அண்ணியிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்து, ஓடிப்போய் அண்ணனைக் கேட்டாள். அண்ணன் புன்சிரிப்போடு, "இவளுக்கு வீண் பயம். நான் நன்றாக இருக்கிறேன்" என்று எழுதிக் காட்டினார். படுபாவி! புருஷன் எழுதியதை நம்புவாளா, நாத்தனார் சொன்னதை நம்புவாளா?

"தொண்ட கட்டினதுக்குப் போயி இப்டி பயப்படறியே காந்தா. பாதியில கலைச்சா தெய்வ குத்தம் ஆயிடும்" என்றாள் அண்ணி. மணியம்மாள் ஒரு படி மேலே போய், "நல்லது நடக்கற வூட்ல அபசகுனமா பேசறியேம்மா, படிச்ச பொண்ணு தானே நீ?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். தெருவே என்னை ஒரு மாதிரி பார்த்தது. அண்ணன் ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்தக் கரகரப்பைக் கேட்டாவது அண்ணிக்குப் புரிந்திருக்கும். பேசவே இல்லையே!

அடுத்த பஸ்ஸைப் பிடித்துச் சென்னைக்குப் போனேன். வழிகாட்டி வெளிநாடு போயிருந்தார்; தேர்வுக்கு முந்தின நாள்தான் திரும்புவார். அலுவலகத்தில் இருந்த குமாஸ்தாவிடம், பேச முடியாத ஒருவருக்குத் தேர்வை எழுத்தில் வைக்க வழி உண்டா என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்காமலே, "வாய்மொழித் தேர்வுன்னு பேர்லயே இருக்குதேம்மா. வாயில்லாம எப்படி? ஊமைக்கு டாக்டர் பட்டம் குடுக்கச் சொல்றியா?" என்றார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். தேதி தவறினால் காசிக்காரர் மறுபடி எப்போது வருவாரோ யாருக்குத் தெரியும் என்றும் குமாஸ்தா சேர்த்துச் சொன்னார். அண்ணன் பயந்ததும் அதற்குத்தான். தோற்றுப்போய்த் திரும்பினேன்.

தை மாதம் அந்த நாளும் வந்தது. அண்ணி எடுத்துக்கொடுத்த பட்டுக்கரை வேட்டியில் அண்ணன் மாப்பிள்ளை மாதிரி இருந்தார், கழுத்து மட்டும் மெலிந்து நரம்பு தெரிந்தது. நானும் அண்ணியும் அறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். காசிப் பேராசிரியர், நரைத்த தலை, மெல்லிய குரல், முதல் கேள்வியைக் கேட்டார். அண்ணி என் கையை அழுத்தி, "இது நான் கேட்ட கேள்விதான்" என்றாள்.

அண்ணன் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வாயைத் திறந்தார்.

காற்றுதான் வந்தது. பஞ்சரான டியூபிலிருந்து வருமே, அந்தச் சத்தம். திரும்பவும் முயன்றார். கழுத்து புடைத்து முகம் சிவந்தது. குரல் இல்லை. உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று நம்பித்தானே இத்தனை நாளும் எடுத்துப் பார்க்காமலே வைத்திருந்தார்? அப்போது அவர் முகத்தில் தெரிந்த திகைப்பை எந்தத் தங்கையும் பார்க்கக் கூடாது.

அண்ணிக்கு அப்போதும் புரியவில்லை. "அதான் பரீட்சை வந்துடுச்சே, இப்ப பேசலாமே. ஏன் பேச மாட்டேங்கிறாரு?" என்று என்னைக் கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்த உடனே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

காசிப் பேராசிரியர் எழுந்து அண்ணன் பக்கத்தில் வந்தார். ஒரு சாக்குக்கட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "உங்களுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது. கரும்பலகையில் எழுதுங்கள். எங்களுக்கு வேண்டியது பதில்தான்" என்றார். அவ்வளவுதான். மற்றவர்களும் சரி என்று தலையாட்டினார்கள். யாரும் சட்டப் புத்தகத்தைத் தேடவில்லை. அண்ணன் எழுதினார், அழித்தார், எழுதினார். கேட்டதற்கெல்லாம் பதில் எழுதினார். கடைசியில் எல்லோரும் கை தட்டினார்கள். அவர் டாக்டர் திருஞானசம்பந்தம் ஆனார்.

வெளியே வந்து அந்தப் பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா அம்மா? ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போயிருப்பேனே" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். கழுத்தெல்லாம் கட்டி பரவிவிட்டது, இனிமேல் கத்தி வைத்துப் பிரயோசனமில்லை, கார்த்திகையிலேயே வந்திருந்தால் குரல் போனாலும் ஆள் பிழைத்திருப்பார் என்று கையை விரித்துவிட்டார்கள். வைகாசியில் அண்ணன் போய்விட்டார். காமாட்சி குரலை வாங்கிக்கொண்டு பட்டத்தைக் கொடுத்தாள் என்று ஊர் சொல்லிக்கொண்டது. கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது.

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுவரை அவள் சத்தமாக அழவில்லை.

"காந்தா, அவரு வெரதம் ஆரம்பிச்சப்போ கொரலு இருந்துதுல்ல?"

"கம்மிப்போய் இருந்துச்சு அண்ணி. ஆனா இருந்துச்சு."

"எழுதினாலே போதும்னு சொன்ன பரீட்சைக்கா அத்த மூட்டை கட்டி வெச்சாரு?" என்றாள். "எனக்கு எழுத்துக்கூட்டித்தானே படிக்க வரும். சிலேட்டுல அவரு எழுதினதுல பாதி எனக்குப் புரியவே இல்ல, புரிஞ்சா மாதிரி தலைய ஆட்டினேன். அந்தக் கொரல எங்கிட்ட செலவு பண்ணியிருக்கலாமே காந்தா. 'இந்தா'ன்னு ஒரு வாட்டி கூப்ட்டிருந்தாக்கூடப் போதுமே."