சேர்த்து வைத்த பார்வை

ஷரீஃபுன்னிசாவின் அத்தா பூந்தமல்லியில் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தவர். ஐம்பது வயதில் அவருக்குக் கண் போனது. ஊசியை உத்துப் பார்த்துப் பார்த்தே பார்வை தேய்ந்துவிட்டது என்று தெருவே சொன்னது. என்ன நோவு என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பார்வை சோப்புக்கட்டி போல, தேய்க்கத் தேய்க்கக் கரையும் என்று அவள் மனதில் அன்றைக்கே பதிந்துபோனது.

அவள் மகள் இஃபத் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். கண்ணில் குறையில்லை, கண் காட்டுவதைப் புரிந்துகொள்ள மூளைதான் பழகவில்லை என்றார்கள் டாக்டர்கள். இப்படிப்பட்ட சின்னப் பிள்ளைகளுக்கு அம்பத்தூரில் ஒரு பயிற்சி மையம். அங்கே வசந்தகுமாரி டீச்சர் அறையை இருட்டாக்கி, டார்ச்சில் சிவப்புக் காகிதம் கட்டி, குழந்தையின் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினார். எட்டு மாதக் குழந்தை தலையைத் திருப்பியது. ஷரீஃபுன்னிசா அழுதேவிட்டாள்.

"ஊட்லயும் தினம் ரெண்டு வேள செய்யணும்மா. செஞ்சதும் நோட்டுல டிக் போடுங்க," என்றார் டீச்சர்.

செய்தாள். பத்து நிமிஷத்தில் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு சிணுங்கியது. அவள் டார்ச்சை அணைத்தாள். இருப்பதே துளிப் பார்வை, அதையும் கரைத்துவிட்டால்? பெரியவளானதும் ஏதாவது ஆபரேஷன் வராமலா போகும், அதுவரை பத்திரமாக இருக்கட்டும் என்று டார்ச்சை பீரோவுக்குள் வைத்தாள். ஜன்னலுக்குத் தடித்த துணி போட்டாள். டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படிக்காதவள் என்று நினைப்பார்களோ என்று கூச்சம். மாதம் ஒருமுறை மையத்தில் காட்டும் நோட்டில் மட்டும் டிக் தவறவில்லை.

மூன்று வருஷம் இப்படியே போனது. போன செவ்வாய்க்கிழமை டீச்சர் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"இஃபத்துக்கு நாலு வயசாவப் போவுது. வெளிச்சத்தத் தேடவே மாட்டேங்குறா. நீங்க ஒரு நாள்கூட விட்டதில்ல, உங்க மேல குறையே இல்லம்மா. இனிமே பிரெயிலுக்கு விரலப் பழக்குவோம்."

குறையே இல்லை என்ற சொல்தான் அவளைக் கொன்றது.

"நான் செய்யல டீச்சர். தேஞ்சிடும்னு பயந்து நிறுத்திட்டேன். டிக்கு மட்டும் போட்டுக்கினு வந்தேன்."

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"பார்வை தேயாதும்மா. பாக்கப் பாக்கத்தான் வளரும். அதுவும் மொத மூணு வருஷம்தான் வேகமா வளரும். நானும் நோட்ட நம்பிட்டேன், ஊட்டுக்கு வந்து பாத்திருக்கணும்."

"இப்ப ஆரம்பிச்சா?"

"ஆரம்பிக்கலாம். கொஞ்சம் வரலாம், வராமலும் போவலாம். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதைச் சொல்கிறவர்கள் கையில் ஒரு குழந்தையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் வரும்போது அவளுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. பகலெல்லாம் வேலையில் இருந்து நோட்டை மட்டுமே பார்த்த கணவன் மஸூத்திடம் இதைச் சொல்லவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு இறங்கினாள்.

வீட்டில் மஸூத்தோடு முகமது ஆசிக் உட்கார்ந்திருந்தான். இருவரும் ஒரே கடையில் பை தைக்கிறவர்கள். ஆசிக்கின் ஆறு மாத மகனுக்கும் இதே கோளாறு என்று அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"எங்கூட்டுக்காரியக் கேளு. மூணு வருஷத்துல ஒரு நாள் விட்டதில்ல," என்றான் மஸூத், பெருமையாக.

ஆசிக் இஃபத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சுவரைத் தடவித் தடவி நடந்து வந்தாள்.

"அதான் அக்கா யோசன. நீங்க இவ்ளோ செஞ்சே ஒண்ணும் வரல. வேலைய வுட்டுட்டு நாங்க அம்பத்தூருக்கு அலைஞ்சி இன்னா ஆவப் போவுது?"

ஷரீஃபுன்னிசா மஸூத்தின் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவன் முகம் சுளித்ததில்லை. வாயைத் திறந்தால் அது இன்றோடு முடிந்தது. திறக்காவிட்டால் இன்னொரு குழந்தைக்கும் இதே கதி.

சொன்னாள். டார்ச், ஜன்னல் துணி, பொய் டிக் எல்லாவற்றையும் சொன்னாள்.

மஸூத் எழுந்துபோய் இஃபத்தைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். "நாளைக்கே புள்ளையக் கூட்டிக்கினு போ," என்று ஆசிக்கிடம் சொன்னான். அவள் குழந்தைக்காகக் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.