இந்தா வாரேன்

என் தங்கை கப்பலூரில் தையல் கடை வைத்திருந்தாள். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்கள் சிலர் அவளிடம் தையல் கற்றுக்கொண்டார்கள். ஷிப்ட் மாறி மாறி வருவதால் அவர்களால் ஒழுங்காக வகுப்புக்கு வர முடியாது. அதனால் வீட்டில் உட்கார்ந்து பாடத்தைப் பேசிப் பதிவு செய்து, ஓர் இலவச ஆடியோ தளத்தில் ஏற்றுவாள். வீடியோ கூடாது என்பாள். தைக்கிறவளுக்குக் கண் துணியில் இருக்க வேண்டுமாம், காது சும்மாதானே இருக்கிறதாம்.

அவளுக்கு வெப்சைட் செய்து கொடுத்தது நான். அதுதான் என் பிழைப்பு. பாடங்களை எங்கள் பக்கத்தில் காட்ட மூன்று வழி இருந்தது. அந்தத் தளத்தின் பிளேயரையே ஐஃப்ரேமில், சுவரில் ஜன்னல் வைப்பதுபோல் பதித்துவிடலாம். பக்கம் திறந்ததும் ஒரு ஸ்கிரிப்ட் அங்கே போய் ஒலியை எடுத்துவரும்படி எழுதலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் இறக்கி எங்கள் சர்வரிலேயே வைத்துவிடலாம்.

“நம்ம இடத்துலயே வச்சிருண்ணே. அடுத்தவன் வீட்டுல எதுக்கு?” என்றாள்.

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு. நீ அங்க ஏத்த ஏத்த இங்க தானா வந்துரும்” என்றேன்.

ஐஃப்ரேம் போட்டால் அவர்கள் லோகோவும் சேர்ந்து வரும், என் டிசைன் கெட்டுவிடும். நான்தான் பெரிய கலைஞன் ஆயிற்றே. ஸ்கிரிப்டே போதும் என்று முடிவு செய்தேன். ஒலி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினேன். வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன.

வரும்வரை திரையில் ‘லோடிங்’ என்று காட்டும்படி வைத்திருந்தேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. “இந்தா வாரேன்னு போடுண்ணே” என்றாள். போட்டேன்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஆறாம் நாள் செத்துப்போனாள். அதன் பிறகு அம்மா தினமும் சாயங்காலம் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவாள். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. ஆனாலும் ஜாக்கெட்டுக்குக் கை வெட்டும் பாடத்தையே திரும்பத் திரும்பக் கேட்பாள். அதன் நடுவில் தங்கை, “எம்மா, டீ கொதிக்குது பாரு” என்று சொல்வதும் பதிவாகியிருந்தது. அந்த இடம் வரும்போதெல்லாம் அம்மா, “பாத்துட்டேன்டி” என்பாள்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். “ஏப்பா, இம்புட்டு நேரமாச்சு, பேச மாட்டேங்கிறா.”

பார்த்தேன். ஆடியோ தளத்தையே மூடிவிட்டிருந்தார்கள். உங்கள் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே மெயில் அனுப்பியிருக்கிறார்கள், செத்துப்போனவளுக்கு. போனில் இடமில்லை என்று ஏற்றியதையெல்லாம் அவள் அப்போதே அழித்திருந்தாள். அவளிடம் படித்த பெண்களுக்கெல்லாம் போன் செய்து கேட்டேன். ஒருத்தியிடமும் இல்லை. நான் அன்றைக்கே இறக்கி வைத்திருந்தால் அரை மணி நேர வேலை. என் தங்கையின் குரலைத் தொலைத்தது நான்தான்.

“எல்லாம் போச்சும்மா. இனிமே வராது” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலமும் அதே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். திரையில் ‘இந்தா வாரேன்’ என்று நின்றுகொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“பாடம் இல்லைன்னு மாத்திரவாம்மா? ஒரு வரிதான்.”

அம்மா போனைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“அதையாச்சும் விட்டு வையிப்பா” என்றாள்.