குலசேகரன் சார் எடுத்த பிடியரிசி

குலசேகரன் சார் கீழமடை ஆரம்பப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் பாடம் சொன்னவர். பென்ஷன் ஆன பிறகும் மனுஷன் வீட்டில் இருக்கவில்லை. காய்ச்சல்காரனை வண்டியில் ஏற்றி நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். மழைக்காலம் வந்தால் கிணறு கிணறாக மருந்து போடுவார். பைசா வாங்க மாட்டார்.

அந்தப் பைசா வாங்காததுதான் கணபதியப்பனுக்கு உறுத்தல். அவன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். நின்றதற்குக் காரணம் சாரின் பிரம்பு. கூலி இல்லாமல் ஒருத்தன் அலைகிறான் என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்பது அவன் கட்சி. சார் கிணற்றில் மருந்து போட்டால் அவன் வீட்டில் இரண்டு நாளைக்குக் குளத்துத் தண்ணீர்தான்.

1948-இல் அரிசிக்கு ஒரே முட்டுப்பாடு. முதல் போகமான கன்னிப்பூ அறுப்பு முடிந்ததும் கொள்முதல் ஆபீசர் வீடு வீடாக வருவார். சாப்பாட்டுக்கும் விதைக்கும் போக மிச்ச நெல்லை அரசாங்க விலைக்கு அளந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒளித்து வைத்தால் நெல்லும் போகும், கேசும் வரும். கணபதியப்பன் ஆறு கோட்டை நெல்லைப் பத்தாயத்தில் மறைத்து வைத்துவிட்டு, பூச்சி விழுந்து விளைச்சல் போயிற்று என்று சொல்லியிருந்தான். மகள் பகவதிக்கு ஐப்பசியில் கல்யாணம். மாப்பிள்ளை அஞ்சுகிராமத்துக்காரன். அந்த ஆறு கோட்டையும் பந்திச் சோற்றுக்கு.

அந்தச் சமயத்தில்தான் சார் பிடியரிசி ஏற்பாடு பண்ணினார். ஒவ்வொரு வீட்டிலும் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போட வேண்டும். சனிக்கிழமை சார் சாக்கோடு வந்து வாங்கிப்போவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி.

ஒரு சனிக்கிழமை கணபதியப்பன் வீட்டு அரிசியைச் சார் உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார். "புது அரிசிலா! மணி மணியா இருக்கு தாணம்மா," என்றார்.

அவர் தலை மறைந்ததும் கணபதியப்பன் பெண்டாட்டியிடம் பாய்ந்தான். "ஏட்டி, ஒனக்கு வெவரம் இருக்கா? பூச்சி விழுந்த வயலுலயா மணி மணியா அரிசி வரும்? ரேசன் கடைப் புழுத்த அரிசியப் போட வேண்டியதுதானே?"

"பிள்ளைகளுக்குக் கஞ்சிக்குக் கேக்காரு. அதுல போயி..."

"கஞ்சியாவது கூழாவது! ஆரு வீட்டுல அரிசி இருக்குன்னு மோப்பம் பிடிக்க வாறாரு மனுசன்."

அடுத்த வியாழக்கிழமை சுசீந்திரம் ரோட்டுக் காப்பிக்கடையில் சாரும் கொள்முதல் ஆபீசரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை அவனே கண்ணால் பார்த்தான். ஆபீசர் என்னவோ கேட்கிறார், சார் தலையை ஆட்டுகிறார். வேறு என்ன சாட்சி வேண்டும்?

அன்றைக்கே தொழுவத்துக்குப் பின்னால் எருக்குழியைச் சுத்தம் பண்ணுகிற சாக்கில் அடியில் வைக்கோல் விரித்து, ஆறு கோட்டையையும் கொட்டி, மேலேயும் வைக்கோல் போட்டு அமுக்கினான். புரட்டாசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. நாற்றங்காலுக்கு விதை கட்டுவதும் இதே மாதிரிதான்: நனைத்து, வைக்கோலில் பொதிந்து, அமுக்கி வைப்பது. வருஷா வருஷம் செய்கிற வேலை. பயத்தில் அவனுக்கு அது ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தொழுவமெல்லாம் முளைகட்டிய வாசம். வைக்கோலை விலக்கினால் ஆவி அடிக்கிறது. நெல் முழுக்க வெள்ளை வெள்ளையாக மூக்கு விட்டிருந்தது. அவன் தலையில் கை வைத்து நிற்கும்போதே வாசலில் ஆபீசர் குரல். சனிக்கிழமை ஆனதால் பின்னாலேயே சாக்கும் கையுமாகச் சார்.

'கூட்டிக்கிட்டே வந்துட்டாரு பாத்தியா' என்று கணபதியப்பன் மனசுக்குள் கறுவினான்.

ஆபீசர் வாசம் வந்த திக்கில் நேரே போனார். "இது என்னவே?"

கணபதியப்பன் வைக்கோலை இழுத்து மறுபடி மூடப் பார்த்தான். சார்தான் முன்னால் வந்தார். "பொது விதையாக்கும். எட்டு வீட்டுல விதை இல்ல. அவங்களுக்காவ இவன் இங்க கட்டி வச்சிருக்கான்." எட்டுப் பேரையும் கடகடவென்று சொன்னார்.

"ஆறு கோட்டை விதையா? எருக்குழியிலயா?"

"இவன் மூணாங்கிளாசுல இருந்தே இப்படித்தான். இடம் பொருள் தெரியாது."

ஆபீசர் சிரிக்கவில்லை. முளைத்த நெல்லை அளந்து கொண்டுபோயும் பிரயோஜனமில்லை. 'பொது விதை' என்று எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். "நாளைச் சாயங்காலம் வருவேன். எட்டு நாத்தங்காலுலயும் விதைச்சிருக்கணும். இல்லேன்னா ரெண்டு பேரும் கோர்ட்டுக்கு வரணும்."

அன்றைக்கே எட்டு வீட்டுக்காரர்களும் கடவப் பெட்டியோடு வந்து அள்ளிப்போனார்கள். மகளின் கல்யாணச் சோறு ஊரான் சேற்றில் விழுவதைக் கணபதியப்பன் வரப்பில் நின்று பார்த்தான்.

"சார், என்னக் காப்பாத்துனீரா, கவுத்தீரா?"

"ஜெயிலுக்குப் போகல்லலா? கல்யாணத்த மாசிக்கு மாத்து. அறுப்பு முடியட்டும்."

"அவனுவ திருப்பித் தருவானுவளா?"

"நீ கேக்கப்பிடாது. பொது விதைன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். வாயத் தொறந்தா ரெண்டு பேரும் உள்ள. நான் பாத்துக்கிடுகேன்."

'நான் பாத்துக்கிடுகேன்' என்றதில் அவனுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று.

மாசிக் கடைசியில் கல்யாணம். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் வெற்றிலையில் பணம் மடித்துச் சுருள் வைப்பது வழக்கம். அந்தக் கல்யாணத்துக்கு முந்தின நாள் நெல்லே சுருளாக வந்தது. விதை வாங்கியவர்கள் ஒவ்வொருத்தராகக் கொண்டுவந்து இறக்கினார்கள். சுருளை எந்த ஆபீசர் கேட்க முடியும்? எல்லாம் சாரின் யோசனை. பந்தி மூன்றும் குறைவில்லாமல் நடந்தது.

ஆனால் வந்தது ஏழு வீடு. எட்டாவது ஆள் முத்துக்கனி வந்தான், சாப்பிட்டான், கையைக் கழுவிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு தினமும் இதுதான் பேச்சு. "அந்த ஒரு பங்கு சாருக்க கஞ்சிப்பானையிலதான் போயிருக்கு. எழுதி வச்சுக்கிடுங்கோ," என்பான் கணபதியப்பன். தாணம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். முத்துக்கனியிடமே கேட்டுவிடலாம் என்றால் போட்ட கையெழுத்து பயமுறுத்தும். சாரை வழியில் கண்டால் முறைப்பான். சாரோ, "என்னலே, சொகந்தானா?" என்று கேட்டுக்கொண்டே போவார். கிணற்று மருந்தும் நிற்கவில்லை, கஞ்சியும் நிற்கவில்லை.

1956 கார்த்திகையில், நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த மூன்றாம் வாரம், சார் போய்ச் சேர்ந்தார். வீட்டுக்கு வெளியே நின்ற கூட்டத்தில் முத்துக்கனி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கணபதியப்பன் அவனை ஓரமாக இழுத்தான்.

"இனி எவன் கேஸ் போடப் போறான்? சொல்லுடே. பகவதி கல்யாணத்துக்கு நீ ஏன் நெல்லு கொண்டாரல்ல?"

முத்துக்கனி நெளிந்தான். "கொண்டாந்தேன் பிள்ளைவாள். சாருதான் வழி மறிச்சாரு. ஏழு பங்கே பந்திக்குக் காணும், இத பள்ளிக்கூடத்துக் கஞ்சிக்குப் போட்டுரு, கணவதிகிட்ட நான் சொல்லிக்கிடுகேன்னாரு. சொல்லல்லியா?"

கணபதியப்பன் நிமிர்ந்தான். எட்டு வருஷத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் யாரும் பார்த்ததில்லை.

"பாத்தியா! நான் சொன்னேனா இல்லியா? ஒரு பய நம்பினானா?" என்று இழவு வீடு என்றும் பாராமல் கத்தினான்.

பிறகு தோள்துண்டை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு பாடையின் முன்பக்கம் போனான். அங்கே வேறொருத்தன் தோள் கொடுக்கக் குனிந்திருந்தான். கணபதியப்பன் அவனை இடித்து விலக்கிவிட்டுத் தான் குனிந்தான்.